அயோனியாவை இழந்த கவிஞர்

சங்கப் பாடல்களில் யவனர் என்னும் சொல் பயின்று வருகிறது. பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட கலங்களுக்கு உரியவராகவும், நறுமணத் தேறல் கொணர்ந்தவராகவும் அவர்கள் அங்கே காட்சி தருகிறார்கள். பிற்காலத்தில் அச்சொல் உரோமானியரையும் மேற்றிசையினர் பலரையும் குறிக்க வழங்கினாலும், அதன் தோற்றுவாய் ஏஜியன் கடலின் கீழைக் கரையில் கிடந்த ஒரு சிறு நிலத்தின் பெயரேயாகும். அந்நிலம் அயோனியா. பாரசீகர் அங்கு வாழ்ந்த கிரேக்கரை யௌனா என்றழைத்தனர். வடமொழியில் அது யவன என்றாயிற்று. அங்கிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தது.

பன்னிரு நகரங்களின் கூட்டமைப்பாக விளங்கிய அயோனியா இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலும் அதையடுத்த சாமோஸ், கியோஸ் தீவுகளிலும் பரவியிருந்தது. மிலேட்டசில் தேலீசும், எஃபெசசில் ஹெராக்ளிட்டசும், கிளாசொமெனையில் அனக்ஸகோரசும் பிறந்தனர். உலகம் எதனால் ஆனது என்ற கேள்வியைக் கடவுளர் கதைகளின் துணையின்றிக் கேட்கத் துணிந்த முதல் கிரேக்கர் இக்கரையினரே. ஹோமரைத் தம் ஊரினர் என்று உரிமை கொண்டாடிய நகரங்களுள் ஸ்மிர்னா முன்னிற்பது. ஸ்மிர்னா முதலில் ஏயோலியருடையதாக இருந்து பின்னர் அயோனியருடன் சேர்ந்த நகரம்.

அறிவில் முந்திய அக்கரை துன்பத்திலும் முந்தியது. பாரசீகப் பேரரசுக்கு எதிராக அயோனிய நகரங்கள் கிளர்ந்தெழுந்தன, கி.மு. 494இல் மிலேட்டஸ் வீழ்ந்தது. ஃபிரினிகஸ் என்னும் ஏதென்ஸ் நாடகக் கவிஞர் அவ்வீழ்ச்சியை நாடகமாக்கி அரங்கேற்றினார். அரங்கம் முழுவதும் அழுதது. தம் உறவினரின் துயரை நினைவூட்டிய குற்றத்திற்காக அவருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்த ஏதென்ஸ் மக்கள், அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கக் கூடாதென்றும் தடை செய்தனர். இழந்த நிலத்தைப் பாடும் கவிஞன் எவ்வளவு பாடலாம், எப்படிப் பாடலாம் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்குப் பின் அதே கரையை கிரேக்க மக்கள் முற்றாக இழந்தபோது, அவ்வினாவை வாழ்நாள் முழுவதும் சுமக்க நேர்ந்தவர் ஜார்ஜ் ஸெஃபரிஸ்.

யோர்கோஸ் ஸெஃபரியாதிஸ் என்பது அவருடைய இயற்பெயர். ஸ்மிர்னாவில் 1900ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் பிறந்தார். அங்கு வழங்கிய பழைய நாட்காட்டியின்படி அது பிப்ரவரி 29. புதிய நாட்காட்டியில் 1900 நெட்டாண்டு அன்று. ஆகவே அந்தப் பிப்ரவரியில் அப்படியொரு நாளே இல்லை. குடும்பப் பெயரைச் சுருக்கி அவர் சூடிக்கொண்ட புனைபெயரிலும் ஒரு குறிப்பு உண்டு. ஸெஃபெர் என்பது பயணத்தைச் சுட்டும் துருக்கியச் சொல், அரபியிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்கள் பயணத்திற்கு வழங்கும் சபர் என்னும் சொல்லுக்கும் வேர் அதுவே. பெயரிலேயே பயணத்தைத் தாங்கியவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அயல்நாடுகளில் கழித்தார்.

அந்நாளைய ஸ்மிர்னா உதுமானியப் பேரரசின் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. அத்தியும் உலர்திராட்சையும் புகையிலையும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஊர். கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மீனியரும் யூதரும் ஐரோப்பிய வணிகரும் தத்தம் மொழிகளோடு அங்கு வாழ்ந்தனர். தந்தை ஸ்டெலியோஸ் வழக்கறிஞர். பின்னாளில் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியரானவர். கவிதை எழுதியவர், மொழிபெயர்த்தவர். தாய் டெஸ்போ. மூன்று குழந்தைகளில் யோர்கோஸ் மூத்தவர். அடுத்து தங்கை இயோவானா, தம்பி ஆங்கெலோஸ்.

அன்றைய கிரேக்கத்தில் மொழி ஒரு போர்க்களமாக இருந்தது. அரசும் பல்கலைக்கழகமும் தூய கிரேக்கம் என்று பெயரிட்டுப் பழமொழியின் சாயலில் செயற்கையாகச் செய்துகொண்ட நடையைப் பேணின. வீட்டிலும் வீதியிலும் மக்கள் பேசிய கிரேக்கம் இலக்கியத்திற்குத் தகுதியற்றதென்று புலவர் பலர் கருதினர். ஸ்டெலியோஸ் மக்கள் மொழியின் பக்கம் நின்றார். மகனுக்கு அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் இந்தச் சார்பு முதன்மையானது. ஸ்மிர்னாவின் தெருக்களில் கூவி விற்கப்பட்ட மலிவுப் பதிப்பு நூல்களில் எரோட்டோகிரிட்டோஸ் என்னும் கிரீட் தீவின் காதற்காப்பியமும் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் கோர்னாரோஸ் இயற்றிய அக்காப்பியத்தைக் கல்லாத மக்களும் வாய்ப்பாடமாகச் சொல்வர். பல்கலைக்கழகத்தார் பொருட்படுத்தாத அந்நூலைப் பற்றிப் பின்னாளில் விரிவான கட்டுரை எழுதியபோது, இளமையில் கேட்ட அந்தத் தெருக் குரலை ஸெஃபரிஸ் நினைவுகூர்ந்தார்.

கோடைக்காலத்தைக் குடும்பம் ஸ்காலாவில் கழிக்கும். ஸ்மிர்னாவிற்கு மேற்கே வூர்லா என்னும் ஊரின் சிறு துறைமுகம் அது. பழைய கிளாசொமெனை நகரம் இருந்த இடம். அனக்ஸகோரஸ் பிறந்த மண்ணில் ஸெஃபரிஸ் படகோட்டவும் மீனவரோடு பழகவும் கற்றார். தாய்வழியினரின் வீடு அங்கிருந்தது. பள்ளிக்கூடமும் நகரமும் அவருக்குச் சிறையாகத் தோன்றின. ஸ்காலா ஒன்றே தம் ஊர் என்று அவர் உணர்ந்த இடம். பிற்காலக் கவிதைகளில் வரும் படகுகளும், துடுப்புகளும், கரையேறாத மாலுமிகளும், பூட்டிய வீடுகளும் நூல்களில் படித்துப் பெற்றவை மட்டுமல்ல. ஸ்காலாவில் கண்டு பழகியவை.

1914இல் போர் மேகம் சூழ்ந்தது. ஏஜியன் கரையின் கிரேக்கர் மீது நெருக்கடி மிகுந்த அவ்வாண்டில் குடும்பம் ஏதென்சுக்குப் பெயர்ந்தது. பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது திரும்பிவரக்கூடிய பயணமாகவே தோன்றியிருக்கும். 1918இல் சட்டம் பயில்வதற்காக அவர் பாரிஸ் சென்றார். பிரெஞ்சுக் கவிஞர்களை ஆழ்ந்து கற்றதும் எழுதப் பழகியதும் அந்நகரில்தான்.

1919 மே மாதம் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் இறங்கியது. பேரரசொன்றைக் கடலின் இருகரையிலும் நிறுவும் கனவில் அப்படை அனத்தோலியாவின் உள்நாட்டுக்குள் வெகுதூரம் முன்னேறியது, ஊர்கள் அழிந்தன, இருபுறத்தும் குடிமக்கள் மாண்டனர். 1922இல் முஸ்தபா கெமாலின் படையிடம் அது தோற்றுச் சிதறியது. செப்டம்பர் 9ஆம் நாள் துருக்கியப் படை ஸ்மிர்னாவில் நுழைந்தது. 13ஆம் நாள் மூண்ட தீ கிரேக்கர், ஆர்மீனியர் குடியிருப்புகளைச் சாம்பலாக்கியது. துறைமுகச் சுவருக்கும் தீக்கும் இடையே மக்கள் நெருங்கி நின்றனர். 1923 ஜனவரியில் லோசானில் கையெழுத்தான உடன்படிக்கை மக்கட் பரிமாற்றத்தைக் கட்டாயமாக்கியது. துருக்கியின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மக்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் கிரேக்கத்திற்கும், கிரேக்கத்தின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர் துருக்கிக்கும் பெயர்க்கப்பட்டனர். யார் எந்த மொழி பேசினார் என்று எவரும் கேட்கவில்லை, சமயமே அளவுகோலாயிற்று. சுமார் 50 லட்சம் பேர் வாழ்ந்த ஏழை நாடான கிரேக்கம் அந்த அகதிகளை ஏற்றது. மூவாயிரம் ஆண்டுக்காலக் கிரேக்க அயோனியா அத்துடன் முடிந்தது.

ஸெஃபரிஸ் அப்போது பாரிசில் இருந்தார், வயது 22. தீயை அவர் காணவில்லை. துறைமுகச் சுவரில் நிற்கவில்லை. செய்தித்தாள்களிலும் கடிதங்களிலும் ஊர் அழிந்ததைத் தெரிந்துகொண்டார். அழிவிலிருந்து தப்பியவருக்குரிய சொல்லுரிமை தமக்கில்லை என்ற உணர்வு அவரிடம் இறுதிவரை இருந்ததை அவர் எழுத்தின் அடக்கம் காட்டுகிறது. ஸ்மிர்னாவின் தீயைப் பற்றி அவர் ஒரு புலம்பற் பாடலும் எழுதவில்லை. அந்த இழப்பைப் பெயர் சொல்லாமல், ஏறக்குறைய எல்லாக் கவிதைகளிலும் எழுதினார்.

படிப்பை முடித்து ஏதென்ஸ் திரும்பியவர் 1926இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். அதே ஆண்டு தாய் மறைந்தார். பகலில் அரசின் செயற்கை மொழியில் அறிக்கைகள். இரவில் மக்கள் மொழியில் நாட்குறிப்பும் கவிதையும். 36 ஆண்டுகள் இந்த இரட்டை வாழ்வு நீடித்தது. 1931இல் முதல் தொகுப்பான ஸ்ட்ரோஃபி வெளிவந்தது. அச்சொல்லுக்குத் திருப்பம் என்றும், பாவின் ஓர் அலகு என்றும் இருபொருள் உண்டு. கிரேக்கக் கவிதையின் திருப்பமாகவே அந்தச் சிறு நூலைப் பின்வந்தோர் கொண்டனர். அதில் மறுப்பு என்ற தலைப்பில் ஒரு மிகச்சிறிய பாடல் இருக்கிறது. கடற்கரை, நண்பகல், தாகம், வாழ்வில் நேர்ந்த ஒரு பிழை - இவ்வளவே அதன் பொருள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அது என்னவாகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

அவ்வாண்டே பணியின் பொருட்டு லண்டன் சென்றார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தேடி ஒரு புத்தகக் கடையில் நுழைந்தவர் கையில் டி.எஸ். எலியட்டின் மரினா என்ற சிறு வெளியீடு அகப்பட்டது. கப்பலின் முகப்பும், பைன் மர வாசனையும், மூடுபனிக் கரையும் கொண்ட அக்கவிதையை ஸ்காலாவின் பிள்ளை வேற்றுக் கவிதையாகக் காணவில்லை. 1936இல் எலியட்டின் பாழ்நிலம் கவிதையைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். எனினும் எலியட்டைப் படிப்பதற்கு முன்பே அவருடைய பாழ்நிலம் அவருக்கு வாய்த்துவிட்டது என்பதை மறக்கலாகாது.

1935இல் மிதிஸ்டோரிமா வெளிவந்தது. அச்சொல் கிரேக்கத்தில் நாவலைக் குறிக்கும். தொன்மமும் வரலாறும் அதனுள் ஒன்றாகப் புணர்ந்திருக்கின்றன. ஹோமரின் காப்பியங்களைப் போல 24 பகுதிகள். ஆனால் வீரர் எவரும் அதில் இல்லை. ஒடிசியுசின் பெயரற்ற தோழர்கள், ஆர்கோ கப்பலில் துடுப்பு வலித்து மறைந்தவர்கள், கையில் கனக்கும் பளிங்குத் தலையை எங்கே வைப்பதென்று அறியாதவர்கள் - இவர்களே அதில் பேசுகிறார்கள். பழைய புராணத்தை அலங்காரமாக அவர் எடுத்தாளவில்லை. வீடு திரும்பும் கதையைத் தந்த மொழியில், திரும்ப இயலாத பன்னிரண்டு லட்சம் பேர் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. உவமை தேட வேண்டிய தேவையே அவருக்கு ஏற்படவில்லை. ஓசை நயத்தையும் எதுகையையும் முதல் தொகுப்பில் திறம்பட ஆண்டவர், இந்நூலில் பேச்சுக்கு அருகிலிருக்கும் தளர்ந்த, தாழ்ந்த குரலைத் தேர்ந்தார். அக்குரல் கிரேக்கக் கவிதையின் போக்கையே மாற்றியது.

ஆசினியின் அரசன் என்ற கவிதையும் இக்காலத்தில் உருவாயிற்று. பெலோபொனீசக் கரையிலுள்ள ஆசினி என்னும் ஊரின் பெயர் இலியத்தில் ஓரிடத்தில் மட்டும், கப்பல்களின் பட்டியலில் வருகிறது. அதன் அரசனைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னாலுள்ள வெறுமையைத் தேடிப்போகும் கவிதை அது. காப்பியம் மறந்துவிட்ட மனிதனுக்காகக் கவிதை என்ன செய்ய முடியும் என்று அது கேட்கிறது.

அவர் வாழ்வில் மறைக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. 1936 ஆகஸ்ட் 4ஆம் நாள் தளபதி மெடாக்சாஸ் நாடாளுமன்றத்தை முடக்கிச் சர்வாதிகாரத்தை நிறுவினார். அல்பேனியாவின் கொரிட்சாவில் பணியாற்றித் திரும்பிய ஸெஃபரிஸ், 1938 முதல் அவ்வரசின் அயல்நாட்டுப் பத்திரிகைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அவ்வாட்சியை அவர் விரும்பவில்லை; ஆயினும் பதவியைத் துறக்கவில்லை; வெளிப்படையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் அவரை உறுத்தியது. 1941 செப்டம்பரில், நாடு கடந்த நிலையில் தென்னாப்பிரிக்காவிலிருந்தபோது, தம் வாழ்வையும் அரசியலையும் தமக்குத்தாமே விசாரித்து ஒரு கைப்பிரதி எழுதினார். அது அவர் மறைந்த பிறகே, 1972இல் அச்சேறியது.

1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படை ஏதென்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாதம் 10ஆம் நாள் மரியா ஸான்னுவை அவர் மணந்தார். மாரோ என்று நண்பர்களால் அழைக்கப்பட்ட அம்மையாருடன் இரு வாரத்திற்குள் அரசைத் தொடர்ந்து கப்பலேறினார். கிரீட், எகிப்து, தென்னாப்பிரிக்கா, மீண்டும் எகிப்து, இத்தாலி என்று அலைந்து 1944 அக்டோபரில் ஏதென்ஸ் திரும்பினார். எகிப்தில் 1943இல் கூடியிருந்த கிரேக்கரிடையே அவர் உரையாற்ற எடுத்துக்கொண்ட பொருள் தளபதி மக்ரியான்னிஸ். 1821இல் தொடங்கிய விடுதலைப் போரில் ஈடுபட்ட அந்த வீரர் பள்ளி செல்லாதவர். வளர்ந்தபின் தம் வாழ்வை எழுதுவதற்காகவே எழுத்துக் கற்றவர். மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்புவது போலத் தட்டுத்தடுமாறி அவர் எழுதிய நினைவுக்குறிப்புகளை நவீன கிரேக்க உரைநடையின் தலைசிறந்த நூல்களுள் ஒன்றாக ஸெஃபரிஸ் நிறுவினார். நிலத்தை இழந்த மனிதருக்கு மொழியிலேனும் உறுதியான ஒரு தரை வேண்டியிருந்தது. அத்தரையைப் புலவரிடமன்றிக் கல்லாத வீரரிடம் அவர் கண்டார்.

போருக்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டது. 1946 இலையுதிர்காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு போரோஸ் தீவில் மனைவியின் உறவினர் வீட்டில் தங்கினார். போர்க்காலத்தில் அத்தீவருகே மூழ்கிய கிக்லி என்ற சிறு கப்பலின் பெயரால் ஒரு நெடுங்கவிதை பிறந்தது. கிக்லி என்பது ஒரு பாடும் பறவையின் பெயர். தம்மிடமிருந்து பறிபோன வீடுகளைப் பற்றிய நினைவோடு தொடங்கி, கடலடியில் கிடக்கும் கலத்தைக் கடந்து, ஒளியை நோக்கிச் செல்வது அக்கவிதை. 1947இல் அது நூலாயிற்று.

1948இல் அரசு அவரை அங்காராவுக்கு அனுப்பியது. தம் ஊரைத் தன்னுள் கொண்ட நாட்டில், தம்மை ஊரற்றவராக்கிய அரசோடு, நட்புறவு பேணுவது அவர் கடமையாயிற்று. அதை அவர் காழ்ப்பின்றிச் செய்தார். 1950இன் தொடக்கத்தில் தம்பி ஆங்கெலோஸ் அமெரிக்காவில் இறந்த செய்தி வந்தது. அவ்வாண்டிலேயே அவர் ஸ்மிர்னா சென்றார். 36 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊரின் பெயர் இஸ்மிர். தீப்பட்ட பகுதியின் பெரும்பரப்பில் 1936 முதல் பூங்காவும் பொருட்காட்சித் திடலும் இருந்தன. ஸ்காலாவையும் பார்த்தார். தம்முடையதென்று உரிமை கோர அவர் அங்கே செல்லவில்லை. பார்த்துவிட்டு, நாட்குறிப்பில் எழுதிவிட்டுத் திரும்பினார். ஒடிசியுஸ் வீடு திரும்பியபோது வில்லை வளைத்துப் பகைவரைக் கொன்றான். ஸெஃபரிஸ் வீடு திரும்பியபோது கொல்லத்தக்க பகைவர் எவரும் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. அங்கே குடியிருந்தோரில் கிரீட்டிலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் பெயர்க்கப்பட்டு, தம் ஊரை இழந்து வந்த முஸ்லிம்களும் இருந்தனர். கப்பதோகியாவின் குடைவரைக் கோயில்களையும் அந்நாட்களில் கண்டு, 1953இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

1953இன் இறுதியில் அவர் முதன்முறையாகச் சைப்ரஸ் தீவுக்குச் சென்றார். அப்போது லெபனானில் தூதர். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த அத்தீவின் சிற்றூர்களில் பேச்சுமொழியும் பாட்டும் விருந்தோம்பலும் பழைய நிலையிலேயே இருந்தன. தாம் இழந்த கரை வேறோரிடத்தில் உயிரோடிருப்பதைக் கண்டதுபோல் இருந்தது. 1955இல் வெளிவந்த கவிதைகள் அம்மக்களுக்கே உரிமையாக்கப்பட்டன. அவற்றுள் ஹெலன் என்ற கவிதை யூரிப்பிடிசின் நாடகத்தை அடியொற்றியது. டிராய்க்குச் சென்றவள் உண்மையான ஹெலன் அல்லள், அவளுடைய மாயவடிவமே என்பது அந்நாடகக் கதை. பத்தாண்டுப் போரும் எண்ணற்ற சாவும் ஒரு வெற்று ஆடைக்காக நடந்தன என்ற கசப்பை, அனத்தோலியப் போரில் ஊரிழந்தவர் எழுதியதாகவும் படிக்கலாம். 1957 முதல் லண்டனில் தூதராக இருந்தபோது சைப்ரஸ் பற்றிய 1959ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அவற்றை அவர் ஏற்கவில்லை. தம் மறுப்பை அமைச்சருக்குத் தெரிவித்தார். எனினும் வெளியுலகிற்கு ஒன்றும் கூறவில்லை. 1962இல் ஓய்வு பெற்று ஏதென்ஸ் திரும்பினார்.

1963இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் கிரேக்கர் அவரே. ஸ்டாக்ஹோமில் ஆற்றிய உரையில், ஸ்பிங்ஸ் என்னும் அரக்கியின் விடுகதைக்கு ஈடிபஸ் அளித்த விடை மனிதன் என்ற ஒற்றைச் சொல்தான் என்பதை அவர் நினைவூட்டினார். நம் காலத்தில் அழிக்க வேண்டிய அரக்கர் பலர் என்றும் குறிப்பிட்டார்.

அரக்கர் விரைவிலேயே வந்தனர். 1967 ஏப்ரல் 21ஆம் நாள் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். நூல்கள் தடைசெய்யப்பட்டன, எழுத்தாளர்கள் தீவுச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். பழைய கிரேக்கப் பெருமையைப் பறைசாற்றுவது அவ்வாட்சியின் வழக்கம். அப்பெருமைக்கு உலகறிந்த சான்றாக ஏதென்சில் இருந்த ஸெஃபரிஸ் அதற்குப் பயன்பட மறுத்தார். நாட்டில் எதையும் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் சிறப்புச் சொற்பொழிவுகளுக்கு அழைத்தபோது, சொந்த நாட்டில் பேச்சுரிமை இல்லாதவன் அயல்நாட்டில் அதை அனுபவிப்பது தகாதென்று மறுத்துவிட்டார். ஆயினும் அவர் வாய்திறந்து கண்டிக்க வேண்டுமென்று இளைஞர்கள் எதிர்பார்த்தனர். மெடாக்சாஸ் காலத்து மௌனம் மீண்டும் அவர் முன் வந்து நின்றது.

1969 மார்ச் 28ஆம் நாள் அவருடைய குரல் பி.பி.சி. வானொலியில் ஒலித்தது. சில நிமிடங்களே நீடித்த அறிக்கை அது. அரசியலிலிருந்து விலகியிருக்க எண்ணியவராயினும் இனிப் பேசாதிருக்க இயலாதென்றார். சர்வாதிகாரத்தில் தொடக்கம் எளிதாகத் தோன்றலாம், முடிவில் பேரிடர் காத்திருக்கும் என்பதை ஏஸ்கிலசின் நாடகப் பாடற்குழுவின் எச்சரிக்கையோடு சேர்த்துச் சொன்னார். இந்த முறைகேடு ஒழிய வேண்டும் என்றார். பிறகு தம் மௌனத்திற்கே திரும்புவதாகக் கூறி முடித்தார். வசைச்சொல் ஒன்றும் அதில் இல்லை. மௌனம் காப்பவர் என்று நாடறிந்த மனிதரின் சொல்லாகையால் அதன் கனம் பெரிதாக இருந்தது. அரசு அவருடைய மதிப்புறு தூதர் பட்டத்தையும் தூதர்க்குரிய கடவுச்சீட்டையும் பறித்தது. அயோனியாவில் பிறந்து ஒரு குடியுரிமையை இழந்தவருக்கு இந்த இழப்பு புதிதன்று.

தணிக்கை சற்றுத் தளர்ந்தபின் 1970இல் எழுத்தாளர்கள் பதினெட்டுப் பேர் கூடி ஒரு தொகுப்பு வெளியிட்டனர். புனித நிக்கோலசின் பூனைகள் என்ற ஸெஃபரிசின் கவிதை அதன் முகப்பில் இடம்பெற்றது. சைப்ரஸ் மடாலயமொன்றில் பாம்புகளோடு தலைமுறை தலைமுறையாகப் போராடி, அவற்றை வென்று, ஏறிய நஞ்சினால் தாமும் மாண்ட பூனைகளின் கதை அது. வெளிப்படையாக ஒன்றும் கூறாத அக்கதையைப் படித்தவர்கள் பொருளுணர்ந்தனர். 1971 மார்ச் மாத இறுதியில் அவர் தம் கடைசிக் கவிதையை எழுதினார். கொடுங்கோலன் ஒருவன் மறுமையில் முட்புதர்மேல் இழுத்துச் செல்லப்படும் பிளேட்டோவின் கதை அதற்கு அடிப்படை. அக்கொடுங்கோலன் ஆண்ட நாடு பம்ஃபிலியா. அதுவும் அனத்தோலியாவின் கரையே.

அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஏதென்ஸ் மருத்துவமனையொன்றில் ஸெஃபரிஸ் காலமானார். 22ஆம் நாள் இறுதி ஊர்வலம். இராணுவ ஆட்சியில் மக்கள் கூட்டமாகக் கூடத் தடை இருந்தது. சவ ஊர்வலத்தைத் தடுக்க இயலவில்லை. ஹேட்ரியன் வளைவருகே ஆயிரக்கணக்கானோர் பெருகிப் போக்குவரத்தை நிறுத்தினர். அப்போது கூட்டத்தினிடையே ஒரு பாட்டு எழுந்தது. 1931இல் வெளிவந்த மறுப்பு என்ற அந்தச் சிறு பாடல்தான் அது. மிக்கிஸ் தியோடோராகிஸ் அதற்கு இசையமைத்திருந்தார். அவருடைய இசையனைத்தும் அப்போது தடைசெய்யப்பட்டிருந்தது. தியோடோராகிசின் தாயும் அயோனியக் கரையின் செஷ்மே என்னும் ஊரைச் சேர்ந்த குடும்பத்தினர். காதலையும் கடற்கரையையும் பற்றிய மென்மையான பாடல், ஒரு சொல்லும் மாறாமல், விடுதலைப் பாடலாயிற்று. மூன்றாண்டுகளுக்குள், 1974 ஜூலையில் இராணுவ ஆட்சி வீழ்ந்தது.

மிலேட்டசின் வீழ்ச்சியைப் பாடிய ஃபிரினிகஸ் ஏதென்ஸ் மக்களை அழவைத்தார். அவர்கள் தண்டம் விதித்தனர். ஸ்மிர்னாவை இழந்த ஸெஃபரிஸ் அழவைக்கும் பாடல் எதையும் எழுதவில்லை. இழப்பைப் பகையாக மாற்றாமல், தம் மக்களின் பேச்சுமொழியை ஒவ்வொரு சொல்லாக நிறுத்து ஆண்டார். அதே ஏதென்சின் தெருவில் அம்மக்கள் அச்சொற்களைத் தம்முடையவையாக எடுத்துக்கொண்டு, தடையை மீறிப் பாடியபடியே அவரை முதல் இடுகாட்டுக்குக் கொண்டு சென்றனர்.